பதில் சொல்லும் அறை

பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பை நழுவினால், அதோடு அந்தப் பொருள் காணாமல் போனதுதான். கண்ணால் தேட வழியில்லை. இப்படியே நடந்துகொண்டிருந்தால் கை நீட்டுவதையே குழந்தை விட்டுவிடும். நாம் எடுத்து எடுத்துக் கொடுத்தாலும், பொருட்கள் தானாக வரும், தானாகப் போகும் என்றுதான் அதற்குத் தோன்றும்.

டென்மார்க்கைச் சேர்ந்த சிறப்புக் கல்வி ஆசிரியர் லில்லி நீல்சன் இதற்காக 'சிறு அறை' ஒன்றை வடிவமைத்தார். படுத்திருக்கும் குழந்தையின் மேலும் பக்கவாட்டிலும் பலகைகள்; கைக்கு எட்டும் உயரத்தில் கரண்டி, மணிச்சரம், பிரஷ் எல்லாம் தொங்கும். தட்டினால் ஆடி, பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அடியில், தரையிலிருந்து சற்று உயர்த்திய மெல்லிய மரப்பலகை. குதிகாலை லேசாக உதைத்தாலும் அது அதிர்ந்து ஒலிக்கும். தான் செய்தது உடனே, அதே விதமாகத் தனக்குத் திரும்பி வருகிறது என்று குழந்தைக்குப் பிடிபடும். ஒரு பொத்தானை அமுக்கினால் பத்துப் பாட்டு பாடும் பொம்மையைவிட ஒரு கரண்டி மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

காது கேளாமை உள்ள குழந்தைக்கு அறையே எதிரியாகலாம். காது கேட்கும் கருவி பேச்சோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்கும். வழுவழுப்பான சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்ப, முந்தைய அசையின் வால் அடுத்த அசையின் மேல் விழும். அமெரிக்க வகுப்பறைத் தரநிலை, சாதாரண அளவு அறையில் ஒலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது. செலவில்லாத வழியும் உண்டு: கிட்டே போய்ப் பேசுவது. நேராக வரும் ஒலி, தூரம் பாதியானால் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போட்டால் கிறீச் சத்தமும் குறையும்.

பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடலசைவைக் கட்டுப்படுத்த முடியாத நிலை) உள்ள குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது பாதங்களை. அவை அந்தரத்தில் தொங்கினால் விழாமல் இருப்பதற்கே உடம்பு முழுதும் உழைக்கும், கைக்கு ஓய்வே இருக்காது. காலுக்கு ஒரு படி, இடுப்புக்குப் பிடிமானம், அப்புறம்தான் கிரேயான்.

இந்தக் குழந்தைகள் ஒரே அறையில் இருந்தால் வரும் சிக்கல் என்னவென்றால், எதிரொலியை அடக்கும் தடித்த கம்பளத்தில் சக்கர நாற்காலி எளிதில் நகராது. நாற்காலி திரும்பச் சுமார் 150 சென்டிமீட்டர் வட்டமும் வேண்டும். அதனால் தரையில் மெல்லிய விரிப்பு போதும். ஒலியை உறிஞ்சும் பலகைகளைக் கூரையிலும் சுவரின் மேல்பகுதியிலும் பதிப்பது நல்லது.