அவங்களுக்கு என்ன டாக்டர் குறை?

காரைக்குடியில் மனநல மருத்துவம் பார்க்கிற என்னிடம் தொலைபேசியில் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். கேட்பவர் சிங்கப்பூரில் இருப்பார், டெக்சாஸில் இருப்பார், இல்லையென்றால் சென்னையில். நோயாளி எனக்கு எதிரே, சேலைத் தலைப்பின் நுனியைச் சுருட்டியபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார். "நாலு ரூமுக்கு ஏசி போட்டிருக்கோம். சமையலுக்கு ஆள், துணைக்கு ஆள், காருக்கு டிரைவர். மாசாமாசம் பணம் வந்துடுது. அவங்களுக்கு என்ன டாக்டர் குறை?"

போன வாரம் மறுபடியும் ஒருவர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக எழுதிவிடுகிறேன். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டு வராதீர்கள்.)

எழுபதைத் தாண்டிய ஒரு ஆச்சி என்னிடம் வந்தார். ரொம்ப நாளாக வயிற்றில் எரிச்சல், நெஞ்சில் படபடப்பு, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. மதுரைக்கு அழைத்துப்போய் எண்டோஸ்கோப்பி, எக்கோ, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கூடவே ஒரு முழு உடல் பரிசோதனை பேக்கேஜ். எல்லாம் நார்மல். மகனுக்கு நிம்மதி. ஆச்சிக்கு நிலைமை இன்னும் மோசம். நோய் இல்லை என்று ரிப்போர்ட்டே சொல்லிவிட்டது, இனி யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வயிறு, நெஞ்சு, கை கால் அசதி, மறதி என்றுதான் மனச்சோர்வு முதலில் தலைகாட்டும். வயிற்றைப் பார்த்த மருத்துவர் தூக்கத்தைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் பாதி ஸ்கேன் மிச்சமாகியிருக்கும். சக மருத்துவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அம்மா நன்றாகத்தான் இருக்கிறார் என்று நிரூபிக்க, வீட்டுக் கேமராவில் பதிவானதை மகன் எனக்கு அனுப்பிவைத்தார். ஓட்டிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆச்சி பட்டாசாலையில் ஒரு நாற்காலியில் உட்காருகிறார். டிவி ஓடுகிறது, அவர் அதைப் பார்க்கவில்லை. துணைக்கு இருக்கும் பெண் தூணுக்கு அந்தப் பக்கம் செல்போனில் மூழ்கியிருக்கிறாள். வளவு முற்றத்தில் விழுந்த வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்கிறது, ஆச்சி நகரவில்லை. காபி வருகிறது. ஆடை படிந்து அப்படியே திரும்பிப் போகிறது. இதைத்தான் அந்த மகன் தினமும் ஆபீஸிலிருந்து திறந்து பார்த்து, "ஆத்தா நல்லா இருக்காங்க" என்று நிம்மதியாக மூடிவைத்திருக்கிறார். பாசம் இல்லாத பிள்ளை என்று சொல்ல மாட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். வசதியானவர்களுக்கு மனச்சோர்வு வராது என்ற எண்ணம் படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், "இவ்வளவு அழகான தரையில் எப்படி விழுந்தீங்க?" என்று யாராவது கேட்கிறோமா? தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மனம் முறிந்தால் மட்டும் சொத்துக் கணக்கை எடுத்து வைக்கிறோம்.

மனச்சோர்வு என்பது இல்லாத பொருளைக் கேட்டு அடம்பிடிப்பது இல்லை. பிடித்த பலகாரம் எதிரே இருக்கும், கை போகாது. பேத்தி வீடியோவில் ஆடிக் காட்டுவாள், சிரிக்க வேண்டும் என்று தெரியும், சிரிப்பு வராது. உலகம் முழுக்க நாங்கள் பயன்படுத்துகிற பிஹெச்க்யூ-9 என்ற கேள்வித்தாளில் 9 கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரங்களாக எதிலும் நாட்டமில்லையா, தூக்கம் எப்படி, பசி எப்படி, தன்னையே மட்டமாக நினைக்கிறாரா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்று போகும். வங்கி இருப்பு எவ்வளவு என்று அதில் ஒரு கேள்வியும் கிடையாது.

இன்னொன்று. "உனக்கு என்ன குறை?" என்ற கேள்வியை அவர்கள் உங்களுக்கு முன்பே தங்களிடம் கேட்டு முடித்திருப்பார்கள். "மகாலட்சுமி மாதிரி மருமக, கை நிறையச் சம்பாதிக்கிற புள்ளை, இருந்தும் இப்படிக் கிடக்கிறேனே, நான் நன்றி கெட்டவளா டாக்டர்?" என்று அந்த ஆச்சி கேட்டார். காரணமில்லாத குற்றவுணர்ச்சி இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. நீங்கள் கேட்கிற கேள்வி அதற்குத் தீனி போடுகிறது. ஆறுதல் என்று நினைத்துச் சொல்லும் "உன்னை மாதிரி கொடுத்துவைத்தவங்க யாரு?" என்பதும் அதையேதான் செய்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

இதை வைத்து, பணமே வீண் என்று பிரசங்கம் செய்கிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். மாத்திரை வாங்கக் காசில்லாமல் பாதியில் விட்டுவிட்டு மறுபடி நோய் முற்றி வருகிறவர்களையும் நான்தான் பார்க்கிறேன். வறுமையும் கடனும் மனச்சோர்வை வரவழைக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆராய்ச்சியும் அப்படித்தான் சொல்கிறது. 2010-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும், ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மனநிலை மேலும் உயர்வதில்லை என்று எழுதினார்கள். 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். இரு தரப்பும் சண்டை போடாமல் சேர்ந்து உட்கார்ந்து, 33,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவை மறுபடி அலசி 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். (எங்கள் துறையில் இப்படி நடப்பது அபூர்வம்.) பெரும்பாலானவர்களுக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் இருப்பதிலேயே மிக வருத்தமாக இருக்கிற ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஏறத்தாழ 1,00,000 டாலரோடு அது நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் அவர்கள் துயரம் கரைவதில்லை. கூடுகிறவர்களுக்கும் படி பெரிதாகிக்கொண்டே போகும். இருபதாயிரம் நாற்பதாயிரமானபோது கிடைத்த அளவு சந்தோஷம் மறுபடி வேண்டுமென்றால், இரண்டு லட்சம் நாலு லட்சமாக வேண்டும்.

என் அறைக்கு வருகிறவர்கள் அந்த ஐந்தில் ஒரு பங்கு.

அமெரிக்கக் கணக்கை விடுங்கள், நம் ஊர் வீடுகளையே பார்க்கலாம். பிள்ளைகள் கடல் கடந்து போவது செட்டிநாட்டுக்குப் புதிதா? ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று போய் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தானே திரும்பினார்கள். பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் அந்தப் பணத்தில் வந்தவைதானே. கணவனும் மகனும் இல்லாத வீட்டில் ஆச்சிமார்கள் வருடக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று கதைவிட மாட்டேன். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது எத்தனை வீடுகளில் என்ன நடந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த வீடு காலியாக இல்லை. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம், வேறு வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அடுப்பு, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. மாமியார், ஓரகத்தி, கைக்குழந்தை, வேலையாட்கள், ஓலைக் கொட்டான் பின்னிக்கொண்டே வம்பு பேச நாலு பேர். சண்டை வந்தால்கூடச் சண்டை போட ஆள் இருந்தது. இன்று அதே வீட்டில் ஒரு ஆச்சியும் ஒரு கேமராவும். மற்ற பங்காளிகள் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் பொங்கலுக்கும் வந்து கதவைத் திறந்து, மூடிவிட்டுப் போகிறார்கள். சில வீடுகளில் பாகப்பிரிவினை வழக்கு நடப்பதால் அதுவும் இல்லை.

பணம் இங்கே செய்கிற வேலையைக் கவனியுங்கள். வாங்கிக் கொடுக்கிற ஒவ்வொரு வசதியும், இன்னொரு மனிதரைப் பார்க்க இருந்த ஒரு காரணத்தை எடுத்துவிடுகிறது. இந்த ஆச்சி முன்பெல்லாம் தேன்குழலும் சீப்புச் சீடையும் சுட்டுத் தெருவுக்கே கொடுப்பவர். விசேஷம் என்றால் மாவு பதம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். "இந்த வயசுல எதுக்கு ஆத்தா அடுப்புல நிக்கிற?" என்று மகன் சமையலுக்கு ஆள் போட்டார். கேட்க நல்ல காரியம். அதன்பிறகு மாவரைக்கப் போகவில்லை, யாரும் பதம் கேட்டு வரவில்லை. இன்னொரு குடும்பத்தில், வருடாவருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடந்து போகிறவரை, முழங்காலில் பெரிதாக ஒன்றும் இல்லாதபோதே, இன்னோவாவில் ஏற்றி அனுப்பினார்கள். சாமியைச் சீக்கிரம் பார்த்துவிட்டு வந்து படுத்தவர்தான்.

ஆச்சிக்கு மாத்திரை கொடுத்தேன். கூடவே, வாரம் இரண்டு நாள் சமையலம்மாவுக்குப் பலகாரம் சொல்லித்தர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதினேன். மருந்துக்கடைக்காரர் சிரித்தாராம். முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. பிறகு தூக்கம் வந்தது, பசி வந்தது. போன முறை வந்தபோது, சமையலம்மாவுக்கு இன்னும் கை வரவில்லை என்று கால் மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அது போதும்.

நடுவயதுக்காரர்கள் கதை வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன். புது நகரில் செட்டிநாட்டுப் பாணியில் பெரிய வீடு, அதற்கு மாதத் தவணை, தவணைக்காக வெளிநாட்டு வேலை, வேலைக்காக இரவில் இரண்டு பெக். 'சோஷியல் டிரிங்கிங்' என்பார்கள். தினமும் தனியாகக் குடிப்பதில் என்ன சோஷியல்?

இனிச் செய்ய வேண்டியவை.

நலம் விசாரிக்கும்போது "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு நிறுத்தாதீர்கள். ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது, இன்றைக்கு யார் வந்தார்கள், யாரிடம் பேசினீர்கள் என்று கேளுங்கள். மூன்று நாள் தொடர்ந்து "யாரும் வரலை" என்று பதில் வந்தால் அது தகவல், புலம்பல் இல்லை.

"போய்ச் சேர்ந்தா நல்லது" என்று பெரியவர்கள் சொன்னால், வயதானவர்கள் பேச்சு என்று தள்ளாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே தனியாக விடாமல் அழைத்து வாருங்கள். நடு ராத்திரி என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 முதல் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. கௌரவம் பார்க்காதீர்கள்.

முதலில் தைராய்டு, பி12, ரத்தசோகை, சோடியம் பார்த்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் ஆள் இப்படித்தான் இருப்பார். மறதி என்றதும் ஞாபகமறதி நோய் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். மனச்சோர்வு தீர்ந்ததும் ஞாபகம் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் நேராக வாங்கிக் கொடுக்காதீர்கள். கடைக்காரர்களே, நீங்களும் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் கொடுக்காதீர்கள். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுவதற்கு அது ஒன்று போதும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். பத்தாம் நாள் போன் போட்டு "ஒண்ணும் கேக்கலையே" என்று திட்டாதீர்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது மசாஜ் நாற்காலி வாங்கி வராதீர்கள். ஒரு வாரம் கூடுதலாக லீவு எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அம்மாவிடம் ஒரு வேலை கேளுங்கள். ஊறுகாய் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், கோவில் கணக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், பேரனுக்குப் போனில் தமிழ் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

அழைத்து வருகிறவர்கள் ஸ்கேன் ஃபைல்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வர வேண்டாம். இப்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் அத்தனையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள், அவர்கள் தலையணைக்குக் கீழே வைத்திருப்பதையும் சேர்த்து. அப்புறம், முதல் பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள். அவர்களோடு நான் தனியாகப் பேச வேண்டும்.