‘ஹேண்டிகேப்’: தொப்பிக்குள் பிறந்த பந்தயச் சொல்

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை அமெரிக்காவின் லூயிவில் நகரில், சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில், கென்டக்கி டெர்பி நடக்கிறது. 1875இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் இது. அதற்கு முந்தைய வாரங்களில் அந்நாட்டு நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். டெர்பியில் ஓடவிருக்கும் குதிரைகளை ‘ஹேண்டிகேப்’ செய்கிறோம் என்று எழுதுவார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் ஆங்கில அகராதியைத் திறந்தால் ‘ஊனம்’, ‘குறைபாடு’, ‘இடையூறு’ என்ற பொருள்களைப் பார்ப்பார். குதிரையை யாரும் ஊனமாக்கவில்லை என்பது அவருக்கே தெரியும். இன்னும் கொஞ்சம் தேடினால் ‘பந்தயத்தில் குதிரை மீது ஏற்றும் கூடுதல் எடை’ என்ற விளக்கமும் கிடைக்கும். அதுவும் இங்கே பொருந்தாது. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடும் டெர்பியில் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே எடைதான்: 126 பவுண்டு. பெண் குதிரை என்றால் 121. ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாக எடை வகுக்கும் வழக்கமே அங்கே இல்லை.

அப்படியானால் அங்கே என்னதான் செய்கிறார்கள்? அதற்கு விடை காண இந்தச் சொல் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். குதிரைகளே இல்லாத இடம் அது.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்டமாற்றை ஒட்டி ஒரு விளையாட்டு இருந்தது. என்னிடம் ஒரு கடிகாரம், உங்களிடம் ஒரு கோட்டு. மாற்றிக்கொள்ள நினைக்கிறோம். இரண்டின் மதிப்பும் ஒன்றல்ல. மூன்றாவதாக ஒருவர் நடுவராக அமர்ந்து, “கோட்டுக்காரர் இத்தனை ஷில்லிங் மேலே போட்டுத் தர வேண்டும்” என்று வித்தியாசத்தை அறிவிப்பார். மூவரும் முன்கூட்டியே சிறுதொகை பணயமாக வைத்திருப்பார்கள். நடுவர் சொன்னதும் மாற்றிக்கொள்ளும் இருவரும் ஒரு தொப்பிக்குள் கையை விட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுக்க வேண்டும். கையில் காசு இருந்தால் சம்மதம், வெறுங்கை என்றால் மறுப்பு. ‘தொப்பிக்குள் கை’ என்ற பொருளுடைய ‘ஹேண்ட் இன் கேப்’ என்ற தொடர், பேச்சில் தேய்ந்து ‘ஹேண்டிகேப்’ ஆனது. 1660 செப்டம்பரில் லண்டன் மதுக்கூடம் ஒன்றில் நண்பர்கள் இதை ஆடியதையும், தாம் அதுவரை அறியாத விளையாட்டு என்பதையும் அக்கால ஆங்கில நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

என்னை மிகவும் கவர்ந்தது இந்த ஆட்டத்தில் நடுவருக்குரிய கூலி. இருவரும் சம்மதித்தாலும் பணயத்தொகை நடுவருக்கு, இருவரும் மறுத்தாலும் நடுவருக்கு. ஒருவர் சம்மதித்து மற்றவர் மறுத்தால்தான் நடுவருக்கு ஒன்றுமில்லை, சம்மதித்தவர் எடுத்துக்கொள்வார். ஒரு பக்கம் சாய்ந்து மதிப்புச் சொல்கிற நடுவர், லாபம் அடைபவரின் சம்மதத்தையும் நட்டம் அடைபவரின் மறுப்பையும் பெற்று வெறுங்கையோடு போவார். நேர்மையாக நிறுத்தால்தான் அவருக்குக் கூலி. நடுவுநிலையை ஆட்டத்தின் விதியிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சொல் குதிரைப் பந்தயத்துக்குள் வந்தது. இரு குதிரைகளில் ஒன்று மேலானது. அவற்றை அப்படியே ஓடவிட்டால் யாரும் பணயம் வைக்கமாட்டார்கள். எனவே நடுவர், மேலான குதிரை எவ்வளவு எடை அதிகம் சுமக்க வேண்டும் என்று சொல்வார். உடைமையாளர்கள் தொப்பிக்குள் கைவிட்டுச் சம்மதமோ மறுப்போ காட்டுவார்கள். அடுத்த நூற்றாண்டில் தொப்பி மறைந்து நடுவர் மட்டும் நிலைத்தார். இங்கிலாந்தில் 1855இல் அட்மிரல் ஹென்றி ரூஸ், குதிரைகளுக்கு எடை வகுக்கும் பொது ஹேண்டிகேப்பராக அமர்த்தப்பட்டார். சுக்கான் இழந்த போர்க்கப்பலை அட்லாண்டிக் கடந்து கரைசேர்த்த மாலுமி அவர். வயதுக்கேற்ற எடை அட்டவணையைச் செப்பனிட்டவரும் அவரே.

எடையை ஏற்றும் முறை எளிது. ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்ந்து குறித்த எடைக்குக் குறைவாக இருந்தால், சேணத்துக்கு அடியில் உள்ள துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி தராசில் ஏறி இறங்க வேண்டும். கடினமானது எடையை முடிவு செய்வதுதான். ஹேண்டிகேப்பரின் கனவு, ஓடும் குதிரைகள் அனைத்தும் ஒரே கணத்தில் எல்லைக் கோட்டைத் தொட வேண்டும் என்பது. நன்றாக ஓடிய குதிரைக்கு அடுத்த முறை சுமை கூடும், தோற்ற குதிரைக்குக் குறையும். சுமை குறைய வேண்டும் என்பதற்காகவே குதிரையின் திறனை மறைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. பந்தயத்துறையில் அது தண்டனைக்குரிய குற்றம். இந்தியப் பந்தய மைதானங்களின் வழக்கமான நாள்களில் நடப்பவற்றில் பெரும்பாலானவை ஹேண்டிகேப் பந்தயங்கள்தான்.

இந்த வகையின் உச்சம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கோப்பை. நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, பிளெமிங்டன் மைதானம், இப்போது 3,200 மீட்டர் தூரம். 1861இல் நடந்த முதல் கோப்பையிலிருந்தே ஹேண்டிகேப் முறைதான். 1890இல் கார்பைன் என்ற குதிரைக்கு 10 ஸ்டோன் 5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 66 கிலோ கொடுத்தார்கள். 39 குதிரைகள் ஓடிய அந்தக் கூட்டத்தில் அது வென்றது. இரண்டாவதாக வந்த ஹைபார்ன் சுமந்தது 6 ஸ்டோன் 8 பவுண்டு, ஏறத்தாழ 42 கிலோதான். ஓர் அரிசி மூட்டையின் அளவு எடை வித்தியாசம்! அவ்வளவு எடையோடு அந்தக் கோப்பையை வேறெந்தக் குதிரையும் வென்றதில்லை.

பார் லாப்பின் கதை வேறு. 1930இல் 62.5 கிலோவுடன் ஓடி வென்ற குதிரை அது. மறு ஆண்டு அதற்கு விதித்தது 10 ஸ்டோன் 10 பவுண்டு, 68 கிலோ. எட்டாவதாக வந்தது. குறைந்த சுமையோடு ஓடிய ஒயிட் நோஸ் கோப்பையை எடுத்துச் சென்றது. பார் லாப் திறன் குன்றியதால் தோற்கவில்லை. திறன் மிகுந்ததாலேயே அதற்கு அந்தச் சுமை வந்தது. இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பந்தயத்தில் ஹேண்டிகேப் என்பது வலியவருக்குத் தரப்படுவது. வல்லமைக்கு அதுவே சான்று. மெலியவர் வெறுமையாக ஓடுவார்.

நம் தெருவிளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒன்று உண்டு. சின்னப்பிள்ளை அழுகிறதே என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட் ஆனாலும் கணக்கில் வராது. அங்கே மெலியவனுக்குச் சலுகை தருகிறோம். குதிரைப் பந்தயத்தில் வலியவன் தோளில் பாரம் வைக்கிறார்கள். இரண்டுமே ஆட்டம் நிற்காமல் நடக்க மனிதர்கள் கண்ட வழிகள்.

பின்னர் அந்தப் பாரம் என்ற பொருள் பந்தயத்திலிருந்து வாழ்க்கைக்குத் தாவியது. 19ஆம் நூற்றாண்டில் முன்னேற விடாத எந்தத் தடையும் ‘ஹேண்டிகேப்’ ஆனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்குறையுள்ள குழந்தைகளைக் குறிக்க இச்சொல்லை எழுதத் தொடங்கினார்கள். தலைகீழ் மாற்றம் அப்போது முழுமையடைந்தது: வலிமையின் அடையாளமாக இருந்த சொல் வலுவின்மையின் அடையாளமாகிவிட்டது. இதற்குப் பின் கட்டிய கதை ஒன்றும் பரவியிருக்கிறது. போரில் காயமுற்ற வீரர்கள் தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சையெடுக்க ஆங்கிலேய அரசர் ஒருவர் அனுமதித்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்பது அக்கதை. அது உண்மை இல்லை. தொப்பி விளையாட்டுக்கு 17ஆம் நூற்றாண்டுச் சான்று இருக்கிறது; உடற்குறை என்ற பொருளோ இரண்டரை நூற்றாண்டு கழித்து வந்தது. ஆனாலும் அக்கதையை நம்பிப் புண்பட்டவர்களின் வலியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ‘ஹேண்டிகேப்’ என்ற சொல்லைத் தன் வகைப்பாட்டில் 1980இல் சேர்த்த உலக சுகாதார நிறுவனமே 2001இல் அதைக் கைவிட்டது. தமிழில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விலக்கி ‘மாற்றுத்திறனாளி’யை அரசு வழக்கில் கொண்டுவந்தவர் மு. கருணாநிதி. மனிதரைக் குறிக்க ‘ஹேண்டிகேப்’ என்று தமிழில் இன்னமும் எழுதுகிறவர்கள் அதை நிறுத்திவிடலாம்.

இனி அமெரிக்கப் பொருள். எடை வகுக்கும் ஹேண்டிகேப்பர், எந்தக் குதிரை எவ்வளவு மேல் என்று முதலில் கணிக்க வேண்டும், பிறகுதான் எடை. அமெரிக்கர்கள் அந்த முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எடை வகுப்பது தம் கையில் இல்லாவிட்டாலும், குதிரைகளை ஒப்பிட்டு யார் வெல்வார் என்று சொல்கிற பத்திரிகையாளரும், பணம் கட்டுகிற சாதாரண ரசிகரும் அங்கே ‘ஹேண்டிகேப்பர்’தான்.

டெர்பிக்கு முன் அவர்கள் பார்ப்பவை பல. முந்தைய ஓட்டங்களின் நேரம், முன்னால் பாய்ந்து ஓடுகிறவை எத்தனை, பின்னிருந்து பிடிக்கிறவை எத்தனை, எந்த வாயிற்கூண்டிலிருந்து புறப்படுகிறது, மண் ஈரமா காய்ந்ததா, பயிற்சியாளர் யார், ஜாக்கி யார். டெர்பியின் தூரமான ஒன்றேகால் மைலை அங்கே வரும் குதிரைகளில் பெரும்பாலானவை அதற்கு முன் ஓடியதே இல்லை. அதனால் தாய் தந்தையரின் வம்சத்தைப் பார்த்துத் தாக்குப்பிடிக்குமா என்று ஊகிப்பார்கள். ஆண்ட்ரூ பையர் என்ற பத்திரிகையாளர் வகுத்த வேக எண்கள், வேறு வேறு மைதானங்களில் வேறு வேறு நாள்களில் ஓடிய குதிரைகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட உதவின.

இத்தனைக்கும் பிறகு 2022 வந்தது. ரிச் ஸ்டிரைக் என்ற குதிரைக்கு முந்தைய நாள் வரை இடமே இல்லை; ஒரு குதிரை விலகியதால் கடைசியில் உள்ளே வந்தது. முன்னர் 30,000 டாலருக்குக் கைமாறியிருந்த அதன் மீது பணம் கட்டி வென்றால் அன்று ஒன்றுக்கு எண்பது கிடைக்கும் என்ற நிலை. முன்னணிக் குதிரைகள் முதல் கால் மைலை 21.78 விநாடியில் பறந்து கடந்தன. டெர்பி வரலாற்றிலேயே அவ்வளவு வேகமான தொடக்கம் இல்லை. கடைசித் திருப்பத்தில் அவை களைக்க, பின்னாலிருந்து இடைவெளிகளில் நுழைந்து வந்த ரிச் ஸ்டிரைக், எபிசென்டர் என்ற குதிரையை முந்தி வென்றது. வேகம் வெடித்தால் பின்வருவது வெல்லும் என்பது கணிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அந்தப் பின்வருவது இதுதான் என்று பெரும்பாலானோர் நினைக்கவில்லை.

இந்தக் கணிப்பு திறமையா, அதிர்ஷ்டமா? இந்தக் கேள்விக்குச் சென்னையிலிருந்து போன வழக்கில்தான் இந்திய உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974இல் சட்டம் இயற்றியது. அது தொடர்பான கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றது. குதிரையின் ஆற்றல், பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றை நிறுத்துப் பார்க்க முடியும் என்பதுதான் அதன் அடிப்படை. ஹேண்டிகேப் என்ற சொல்லின் அமெரிக்கப் பொருள் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? முதலில் விலக்க வேண்டியவை: ‘ஊனம்’ அறவே தகாது. ‘தடை’ என்றால் தடை தாண்டும் ஓட்டத்தோடு குழம்பும். ‘சமநிலைப் பந்தயம்’ என்றால் நாளேடு படிக்கிறவர் ஆட்டம் டிராவில் முடிந்தது என்றே கொள்வார்.

என் மனம் நிற்பது ‘ஈடு’ என்ற சொல்லில். ஈடு இணை, ஈடுகட்டுதல், ஈடுகொடுத்தல் என்று சமமாக்கும் பொருளில் அதை அன்றாடம் பேசுகிறோம். குறையை நிரவத் தருவதை இழப்பீடு என்கிறோம். கடிகாரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே நடுவர் சொன்ன ஷில்லிங்குகளும் ஓர் ஈடுதான். எனவே குதிரை சுமக்கும் கூடுதல் எடை ‘சுமையீடு’. மெல்பர்ன் கோப்பை ஒரு சுமையீட்டுப் பந்தயம். எடை வகுக்கும் அதிகாரி சுமையீட்டு நடுவர்.

அமெரிக்கப் பொருளுக்குப் புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. தராசில் நிறுப்பதையும் மனத்தில் ஆராய்வதையும் ஒரே சொல்லால் குறிக்கும் ‘சீர்தூக்கு’ நம்மிடம் இருக்கிறது. ‘டெர்பிக் குதிரைகளைச் சீர்தூக்கிப் பார்க்கிறோம்’ என்று எழுதினால் எந்த வாசகரும் திகைக்கமாட்டார். அப்படிச் செய்பவர் கணிப்பாளர். நடுவு நிலைமை அதிகாரத்தில் துலாக்கோலைப் பற்றிச் சொல்கையில் வள்ளுவர் ‘சமன்செய்து சீர்தூக்கும்’ என்று இரண்டு வினைகளையும் அடுத்தடுத்து வைத்தார். சமன்செய்தல் இங்கிலாந்தின் ஹேண்டிகேப், சீர்தூக்குதல் அமெரிக்காவின் ஹேண்டிகேப். இரண்டையும் செய்கிறவருக்கு நாம் வைத்திருக்கும் பெயரான நடுவர் என்பதும் அந்த நடுவிலிருந்தே வருகிறது.

கோல்ஃபில் மட்டும் ‘சுமையீடு’ செல்லாது. அங்கே எதுவும் சுமப்பதில்லை; தேர்ச்சி குறைந்தவருக்கு, பந்தை அடித்த எண்ணிக்கையில் இத்தனை என்று கழித்துக் கொடுப்பதே ஹேண்டிகேப். சுமையை நீக்கிவிட்டு ‘ஈடு’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்: ‘அவருடைய ஈடு 18’.