சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குப் பாலியேட்டிவ் கேர்: எப்போது கேட்கலாம், என்ன கிடைக்கும்?

"பாலியேட்டிவ் டாக்டரையும் ஒரு தடவை பாருங்க" என்று சிறுநீரக மருத்துவர் சொன்னதும் குடும்பத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். அது தவறு. வலி, அரிப்பு, மூச்சுத்திணறலைக் குறைப்பதற்கான சிகிச்சை அது. நோயாளி உரிமையோடு கேட்டு வாங்க வேண்டியது.

பாலியேட்டிவ் கேர் புற்றுநோய்க்கு மட்டுமல்ல. எல்லா நிலை மருத்துவச் சேவையிலும் அதைச் சேர்க்கும்படி 2014-ல் உலக சுகாதாரப் பேரவையே தீர்மானம் போட்டது. இருந்தும், தேவைப்படுகிறவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எப்போது கேட்கலாம்? சிறுநீரகம் எவ்வளவு வேகமாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் எண் ஜி.எஃப்.ஆர். அது 15-க்குக் கீழே இறங்கினால் சிறுநீரக நோயின் கடைசிக் கட்டமான ஐந்தாம் நிலை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். "இவர் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?" என்று மருத்துவர்கள் தங்களையே கேட்டுப் பார்ப்பதுண்டு. இருக்காது என்று தோன்றினால் பரிந்துரைக்கும் நேரம் வந்துவிட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும்: டயாலிசிஸ் முடிந்து வந்தால் அன்றைய பொழுது முழுக்கப் படுக்கை, சாப்பாடு இறங்குவதில்லை, மாதம் தவறாமல் ஆஸ்பத்திரி வாசம்.

இதற்காக டயாலிசிஸை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். ஹாஸ்பிஸ், அதாவது வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு, என்பது வேறு. அதற்கு நிபந்தனைகள் உண்டு. உதாரணமாக, அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மீதி ஆயுள் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்று மருத்துவர் சான்று தர வேண்டும். சிறுநீரகச் செயலிழப்பையே காரணமாகக் காட்டிச் சேர்ந்தால் டயாலிசிஸுக்குப் பொதுவாகத் தனியாகப் பணம் வராது. அதனால் பலர் கடைசி நாட்களில்தான் சேர்கிறார்கள். எங்கே இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள்.

இரவெல்லாம் சொறிந்து முதுகு முழுக்க நகக்கீறலோடு டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், கேட்டால் "பரவாயில்லை" என்பார். அந்த அரிப்புக்குக் குறைந்த அளவு கபாபென்டின் கேட்கும். வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் அதன் கழிவு உடம்பில் தங்கி மயக்கமும் வெட்டிவெட்டி இழுப்பதும் வரலாம். ஃபென்டனில், புப்ரெனார்ஃபின் போன்ற வலி மருந்துகள் பொதுவாக அதைவிடப் பாதுகாப்பானவை. சிறுநீரக மருத்துவரும் பாலியேட்டிவ் மருத்துவரும் பேசிக்கொள்வது இதற்காகவே அவசியம்.

டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் நோயாளியின் உரிமைதான். நிறுத்திய பிறகு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் உயிர் இருக்கும். சிறுநீர் இன்னும் பிரிகிறவர்களுக்குக் கூடுதலாகவும் இருக்கலாம். இதைப் பேச வேண்டியது நினைவு தெளிவாக இருக்கும்போது. வீட்டிலா, மருத்துவமனையிலா, மூச்சுக்குழாய் போடலாமா, தன்னால் பேச முடியாமல் போனால் யார் முடிவு சொல்வது என்பதை எழுதி, ஒரு நகலைக் கேஸ் ஃபைலிலேயே வைக்கச் சொல்லுங்கள்.