மூத்திரப்பையை முடுக்கும் மாத்திரை

ஆபரேஷனுக்குப் பிறகோ பிரசவத்துக்குப் பிறகோ சிலருக்குப் பை நிரம்பியும் ஒண்ணுக்கு வராது. அடைப்பு எதுவும் இருக்காது. தசைதான் சுருங்காமல் கிடக்கும். அப்போது டாக்டர் எழுதக்கூடிய ஒரு மாத்திரை பெத்தனிகால்.

அந்தத் தசை சுருங்க, நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை நொடிக்குள் உடைத்துவிடும். பெத்தனிகால் அதே சாயலில் செய்த பொருள். ஆனால் அந்த நொதியால் இதை உடைக்க முடியாது. விழுங்கிய அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் வேலை தெரியும்.

எழுதும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வழி திறந்திருக்கிறதா என்பது. வயதானவருக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கியோ கல் சிக்கியோ அடைத்திருந்தால், வால்வை மூடிவிட்டு மோட்டார் போட்ட கதைதான். அழுத்தம் பின்னோக்கிச் சிறுநீரகம் வரை போகும். ஸ்கேன் எடுக்காமல் இதை எழுதுவது சரியில்லை என்பேன்.

மருந்து மூத்திரப்பையோடு நிற்பதும் இல்லை. குடல் முறுக்கும், மூச்சுக்குழல் சுருங்கும், நாடி தளரும், பிரஷர் இறங்கும். அதனால் ஆஸ்துமா, குடல்புண், வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வியர்வையும் கூடும். பாம்பன், மண்டபம் வெயிலில் ஏற்கெனவே வியர்த்து வற்றிய உடம்பு தலைசுற்றினால், படகு விளிம்பில் நின்று வலை இழுப்பவர் கதி என்ன? மாத்திரை ஆரம்பித்த நாட்களில் கடலுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

கரையிலிருந்து உள்ளே தள்ளி, குண்டு மிளகாய்க்கு மருந்தடிப்பவர்கள் டாக்டரிடம் அதையும் சொல்லிவிட வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியையே முடக்கி அசிட்டைல்கோலினைத் தேங்கவிடும். அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் இரட்டை அடி. இரண்டுக்கும் முறிவு மருந்து அட்ரோபின்.

வயிறு நிறைந்திருக்கும்போது போட்டால் குமட்டும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். அதுவும் நாளுக்கு மூன்று நான்கு வேளை. கீழக்கரையில் ரமலான் நோன்பு பிடிப்பவருக்கு இது எப்படிப் பொருந்தும்? விட்டுப்போன வேளைகளை நோன்பு திறந்ததும் ஒன்றாகப் போடக்கூடாது. முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

அப்புறம், ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளே மூத்திரத்தைக் கட்டிவிடும். அப்படியானால் பெத்தனிகால் சேர்ப்பதற்கு முன் அதை நிறுத்திப் பார்ப்பதுதான் முறை. சொட்டுக்கூட வராமல் அடிவயிறு வலித்தால் எந்த மாத்திரைக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்துவிடுவார்கள்.