டைனோசர் என்றால் 'பயங்கரப் பல்லி'யா?

டைனோசருக்குப் பொருள் கேட்டால் எல்லாரும் சட்டென்று சொல்வது 'பயங்கரப் பல்லி'. கிரேக்கத்தில் டைனோஸ் என்றால் பயங்கரம், சௌரோஸ் என்றால் பல்லி, இரண்டையும் சேர்த்தால் கணக்கு முடிந்தது என்பார்கள். முடியவில்லை, இரண்டு பாதியிலும் சிக்கல் இருக்கிறது.

சொல்லை உருவாக்கியவர் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய உடற்கூற்றியல் அறிஞர். 1842-இல் அச்சான அறிக்கையில் அதை முதன்முதலாகப் பயன்படுத்தியபோது, டைனோஸ் என்பதற்கு அவர் கொடுத்த பொருள் வெறும் பயங்கரம் இல்லை, 'அஞ்சத்தக்க அளவுக்குப் பெரியது'. ஒரே சொல்லுக்குள் அச்சமும் 'பெரிது' என்ற பொருளும் எப்படி இருக்கும் என்று நாம் குழம்ப வேண்டியதில்லை, நம்மிடமே 'கடி' என்ற உரிச்சொல் இருக்கிறது. தொல்காப்பியம் அதற்குச் சொல்லும் பத்துப் பொருள்களில் மிகுதி, சிறப்பு, அச்சம் மூன்றும் உண்டு. டைனோஸும் ஏறக்குறைய அப்படிப்பட்ட சொல்தான்.

சரி, பல்லி? இங்கேதான் வேடிக்கை. சௌரோஸ் என்பது சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியை மட்டும் குறிப்பதில்லை, ஓணான், உடும்பு எல்லாம் அதில் அடங்கும். அதைவிட முக்கியம், இவை பல்லி இனத்தில் சேராதவை என்று காட்டத்தான் ஓவன் தனிப் பிரிவே ஏற்படுத்தினார். அப்போது அந்தப் பிரிவில் அவர் சேர்த்தவை மூன்றே வகைகள்: புவியியல் அறிஞர் வில்லியம் பக்லாண்ட் 1824-இல் பெயரிட்ட மெகலோசாரஸ், கிடியன் மேண்டல் என்ற மருத்துவர் 1825-இல் பெயரிட்ட இகுவானோடான், அதே மேண்டல் 1833-இல் அறிவித்த ஹைலியோசாரஸ். மூன்றிலும் இடுப்புப் பகுதியில் முதுகுத்தண்டின் முள்ளெலும்புகள் ஐந்து ஒன்றாக இணைந்திருந்தன, கால்கள் பல்லிக்குப் போலப் பக்கவாட்டில் விரியாமல் உடலுக்கு நேர் கீழே தூண் மாதிரி நின்றிருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அதாவது பல்லி அல்லாததைப் பிரித்தெடுத்துவிட்டு அதற்குப் பல்லி என்றே பெயர் வைத்துவிட்டார்!

அவருக்கு முன்னால் பல்லிக் கணக்கு என்ன பாடுபடுத்தியது என்பதற்கு இகுவானோடானே சாட்சி. கிடைத்த பற்கள் இகுவானா என்ற ஓணான் வகையின் பற்களைப் போல இருந்ததால் 'இகுவானாப் பல்' என்று பெயர் வைத்த மேண்டல், உடலையும் அதே விகிதத்தில் பெருக்கி ஏறக்குறைய 60 அடி நீளம் என்று முடிவு செய்தார். பிறகு தெரியவந்த நீளம் சுமார் 30 அடிதான். கூம்பு மாதிரி ஒரு எலும்பு தனியாகக் கிடைக்க, அதை மூக்கின் மேல் கொம்பாக வைத்தார்கள், ஓவனின் வழிகாட்டலில் லண்டனில் 1854-இல் மக்கள் பார்வைக்கு வந்த பெரிய சிலைகளிலும் அது மூக்கில்தான் இருந்தது. 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரே இடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகப்பட்ட பிறகுதான் அந்தக் 'கொம்பு' உண்மையில் கட்டைவிரல் முள் என்பது உறுதியானது. அந்தச் சிலைகளை அப்புறம் யாரும் திருத்தவில்லை, இன்றும் அப்படியே நிற்கின்றன, அதுவும் நல்லதுதான்.

இதற்கெல்லாம் முன்பே, 1677-இல், ராபர்ட் பிளாட் என்பவர் ஒரு தொடை எலும்பின் கீழ்முனையைப் படம் போட்டு வெளியிட்டிருந்தார். முதலில் யானையோ என்று யோசித்து, பிறகு பூதாகரமான மனிதனின் எலும்பு என்று முடிவு கட்டினார். அது மெகலோசாரஸ் போன்ற ஒரு டைனோசருடையது என்றுதான் இப்போது கருதுகிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தொன்மா' என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது. தொல் + மா. மா என்றால் விலங்கு, பெரியது என்ற பொருளும் அதற்கு உண்டு, ஆகவே ஓவன் நினைத்த பிரம்மாண்டமும் ஓரளவு வந்துவிடுகிறது, வராத பல்லியை இழுத்துவரவும் இல்லை. குறை இல்லாமல் இல்லை. மாமூத் யானையும் பழைய விலங்குதான், அது தொன்மா ஆகாது. 1996-இல் சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் புதைபடிவத்தில் இறகு போன்ற இழைகள் தெரிந்த பிறகு, பறவைகள் டைனோசர் வழிவந்தவை என்ற கருத்து இன்னும் வலுத்தது. அப்படிப் பார்த்தால் ஜன்னலில் வந்து உட்காரும் புறாவும் டைனோசர்தான், அதைப் போய் 'தொல்' என்று எப்படிச் சொல்வது? இருந்தாலும் பயங்கரப் பல்லியோடு ஒப்பிட்டால் என் ஓட்டு தொன்மாவுக்குத்தான். பேச்சில் டைனோசர் என்றே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பன்மையில் மட்டும் கொஞ்சம் கவனம். 'தொன்மாக்கள்' என்று பலரும் எழுதுகிறார்கள். 'மாவும் மாக்களும் ஐயறி வினவே' என்கிறது தொல்காப்பியம். அங்கே மா விலங்கு, மாக்கள் என்பது பகுத்தறிவு போதாத மனிதர். ஆக, தொன்மாக்கள் என்றால் பழங்கால மனிதக் கூட்டம் என்றும் படிக்கலாம், பிளாட் செய்த அதே தவறு. அஃறிணைப் பெயர்தானே, 'தொன்மா வந்தது', 'தொன்மா வந்தன' என்று எழுதினாலே போதும், ஒருமையா பன்மையா என்பதை வினைமுற்று பார்த்துக்கொள்ளும்.