பின் இறக்கையின் அடியைப் பாருங்கள்

உட்காரும்போது இறக்கையை விரித்தால் தட்டான், மடக்கினால் ஊசித்தட்டான் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் லெஸ்டிடே குடும்பத்து ஊசித்தட்டான்கள் பலவும் இறக்கையைப் பாதி விரித்தே உட்காரும். கண்களும் ஏமாற்றும்: ஊசித்தட்டானின் கண்கள் விலகியிருக்கும், கோம்ஃபிடே குடும்பத்துத் தட்டான்களுக்கும் அப்படித்தான். நம்பத்தக்க அடையாளம் பின் இறக்கையின் அடிப்பகுதி, அதாவது அது உடலோடு சேருமிடம்.

இரண்டு இனங்களைப் பார்ப்போம். இரண்டுக்கும் 1798-இல் பெயர் வைத்தவர் டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ். பாந்தாலா ஃபிளாவெசென்ஸ் மழைக்காலத்தில் திறந்த வெளியில் கூட்டமாய்ச் சுற்றும் மஞ்சள் தட்டான், நீளம் சுமார் 4.5 செ.மீ. அதன் பின் இறக்கை உடலோடு சேருமிடத்தில் அகன்றிருக்கிறது. அந்த அகலத்தில் காற்று தாங்குவதால், அதிகம் அடிக்காமலே நெடுநேரம் மிதக்கும். நன்னீர் நிலைகள் மிகக் குறைவான மாலத்தீவில் ஆண்டுதோறும் அக்டோபரில் இவை திரளாக வந்திறங்குவதைக் கவனித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டிப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். ஒரு பூச்சிக்கு இது வியக்கவைக்கும் தூரம்!

சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கிய செரியாக்ரியான் கோரமண்டலியானம் என்னும் மஞ்சள் வால் ஊசித்தட்டானுக்கு முன், பின் இறக்கைகள் ஒரே வடிவம். அடியில் காம்புபோல் குறுகியிருக்கும். நெடுந்தூரம் மிதக்க அது உதவாது. நீரோரப் புற்களுக்கிடையே மெதுவாகப் புகுந்து சிறு பூச்சிகளைப் பிடிக்க உதவும்.

முட்டையிடுவதிலும் வேறுபாடு பெரிது. ஊசித்தட்டான் பெண் செடியின் தண்டைக் கீறி உள்ளே முட்டையைச் செருகும்; அதுவரை ஆண் அதன் முன்மார்பைப் பிடித்தபடி செங்குத்தாக நிற்கும். செடிகளையெல்லாம் வழித்தெடுத்த குளத்தில் முட்டைக்கு இடமில்லை. பாந்தாலாவோ வாலால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையை உதிர்க்கும். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து ஒரே தளத்தில் அதிரும் ஒளியை (முனைவுற்ற ஒளியை) வைத்தே நீரை அறிவதால், பளபளக்கும் கார்க் கூரையையும் நீரென்று எண்ணி முட்டையிட்டுவிடும். அவை காய்ந்துபோகும்.

நீருக்குள் வளரும் இளவுயிரியைப் பிரிப்பது எளிது. வால் நுனியில் இலைபோன்ற மூன்று செவுள்கள் தெரிந்தால் ஊசித்தட்டான். ஒன்றை இழந்தாலும் மறுபடி முளைக்கும். பாந்தாலாவின் செவுள்கள் மலக்குடலுக்குள் இருக்கின்றன. உள்ளிழுத்த நீரைப் பின்னால் பீய்ச்சி அது முன்னால் பாயும். மழைக்குட்டை வற்றுமுன் வளர்ந்தாக வேண்டும். 38 முதல் 65 நாளில் வெளியேறிவிடும்.

படமெடுப்பவர்கள் தட்டானை மேலிருந்தும், இறக்கை மடித்த ஊசித்தட்டானைப் பக்கவாட்டிலும் எடுத்தால் இறக்கையின் அடிப்பகுதி தெளிவாக விழும்.