ரீட் அழைப்புகளை எண்ணிப் பார்த்தீர்களா?

“நெட்வொர்க்தான் ஸ்லோ அண்ணா, நம்ம கோட்ல ஒண்ணும் இல்ல.”

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சொன்னது இது. பல சர்வர்களில் இருந்து லாக் (நிகழ்வுப் பதிவு) வரிகளை டிசிபி (நெட்வொர்க்கில் தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) இணைப்பு வழியாக வாங்கி, பிரித்து, வட்டில் எழுதும் ஒரு சி நிரல். விநாடிக்கு 10,000 வரிகள் வந்தாக வேண்டும். 4,000-ஐத் தாண்டவில்லை. வரும் தரவு தங்கும் ரிசீவ் பஃபரைப் பெரிதாக்கலாமா, ஐஓ யூரிங் என்ற வேறு படிக்கும்-எழுதும் முறைக்கு மாறலாமா என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

எந்த நிரல் எவ்வளவு பிராசசரை எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தோம். பிராசசரின் ஒரு கோர் 100% ஓடிக்கொண்டிருந்தது, அதில் பெரும்பகுதி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நேரம். சந்தேகம் அங்கேயே வந்துவிட வேண்டும். நெட்வொர்க் மெதுவாக இருந்தால் நம் நிரல், தரவைக் கேட்கும் ரீட் அழைப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். இப்படி வியர்த்து விறுவிறுத்து ஓடாது.

அடுத்து, நிரல் கெர்னலிடம் வைக்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் காட்டும் எஸ்ட்ரேஸை அந்த ப்ராசஸில் மாட்டினோம். திரையில் ஓடியது இதுதான்:

ரீட்(7, "2", 1) = 1
ரீட்(7, "0", 1) = 1
ரீட்(7, "2", 1) = 1

வரி எங்கே முடிகிறது என்று தெரியாதே என்று, ஒவ்வொரு பைட்டாகப் படித்து, புதுவரிக் குறி வந்ததும் நிறுத்தும் ஒரு சின்ன ஃபங்ஷன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆறே வரி. ஆனால் லாக் வரி ஒன்று சராசரியாக 200 பைட். 10,000 வரிக்கு 20 லட்சம் சிஸ்டம் கால், அதாவது கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை. ஒவ்வொன்றுக்கும் கெர்னலுக்குள் போய், சாக்கெட்டை, அதாவது இணைப்பின் நம் முனையைப் பூட்டி, ஒரே ஒரு பைட்டை நகலெடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். போதாக்குறைக்கு, 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியாகி அதை அடைத்த பிறகு, அதனால் பாதிக்கப்பட்ட பிராசசர்களில் கெர்னலுக்குள் போய்வரும் செலவே கூடிவிட்டது.

மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் பக்கம் ஒரு பஃபர் வைத்துக்கொண்டு, ஒரே ரீட்டில் 64 கிலோபைட் வரை கேட்பது. கேட்ட அளவு முழுவதும் வரும்வரை ரீட் காத்திருக்காது, இருப்பதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால் பெரிதாகக் கேட்பதால் தாமதம் கூடிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. வரிகளை அந்த பஃபருக்குள்ளேயே மெம்கேர் என்ற ஃபங்ஷனை வைத்துத் தேடிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு விநாடிக்குச் சில நூறு ரீட் அழைப்புகள்தான் இருந்தன.

இங்கே ஒரு குழி உண்டு, அந்தத் தம்பியும் அதில் விழுந்தார். ஒரு வரியை எடுத்ததும் மீதித் தரவை மெம்மூவ் போட்டு பஃபரின் தொடக்கத்துக்கு இழுத்துவிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 கிலோபைட் பஃபரில் 200 பைட் வரிகள் ஏறத்தாழ 330 இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் சராசரியாக 32 கிலோபைட்டை நகர்த்தினால், 64 கிலோபைட்டைப் படிக்க 10 மெகாபைட்டுக்கு மேல் நகர்த்துகிறோம். சிஸ்டம் கால் செலவு போய் நினைவகச் செலவு வந்து உட்கார்ந்துகொண்டது. தொடக்கம், முடிவு என்று இரண்டு எண்களை வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் முன்னே தள்ளிக்கொண்டே போனால் போதும். கடைசியில் அரைகுறையாக ஒரு வரி மிஞ்சும்போது மட்டும் நகர்த்தினால் சரி.

அரைகுறை என்றதும் ஞாபகம் வருகிறது. டிசிபி ஒரு பைட் ஓடை, அதில் செய்தி என்று எதுவும் இல்லை. அனுப்பியவர் ஒரே ரைட்டில் அனுப்பினார் என்பதற்காக நமக்கு ஒரே ரீட்டில் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. 4 பைட் தலைப்பு முதலில் 3 பைட்டாகவும் அப்புறம் 1 பைட்டாகவும் வரலாம். சொந்தக் கணினியில் லூப்பேக் (கணினி தன்னோடு தானே பேசும் இணைப்பு) வழியாகச் சோதிக்கும்போது இது பெரும்பாலும் கண்ணில் படாது. லினக்ஸில் லூப்பேக்கின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 65,536 பைட், வெளியே ஈத்தர்நெட்டில் வழக்கமாக 1,500. வேகத்தைக் கூட்டப்போய்ச் சரித்தன்மையைத் தொலைத்த நிரல்களை நிறையப் பார்த்துவிட்டேன். ரீட் பூஜ்யம் திருப்பினால் எதிர்முனை மூடிவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காமல் லூப்பில் சுற்றி கோரை எரித்த நிரல்களும் அந்தக் கணக்கில் உண்டு.

சரி, ரீட் எண்ணிக்கை நியாயமாக இருந்தும் மெதுவாக இருந்தால்? இணைப்புகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் ரிசீவ்-க்யூ என்றொரு பத்தி இருக்கிறதே, அதைப் பாருங்கள். நிறுவப்பட்ட இணைப்பில் அந்த எண், கெர்னல் வாங்கி வைத்தும் நம் நிரல் இன்னும் எடுத்துக்கொள்ளாத பைட்டுகளைச் சொல்கிறது. (புது இணைப்புக்காகக் காத்திருக்கும் லிசன் நிலையில் உள்ள சாக்கெட்டுக்கு அதே பத்தியின் பொருள் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அது எப்போதும் நிரம்பி வழிந்தால் குற்றவாளி நாம்தான். பூஜ்யத்திலேயே நின்றால் அனுப்பும் கணினிக்குப் போய் அங்கே சென்ட்-க்யூவை, அதாவது வந்து சேர்ந்தது என்று எதிர்முனை இன்னும் ஒப்புதல் சொல்லாத பைட்டுகளைப் பாருங்கள். அதில் தரவு குவிந்து கிடந்தால் வழியில் சிக்கல், அல்லது விண்டோ (ஒப்புதலுக்குக் காத்திராமல் இவ்வளவு அனுப்பலாம் என்று வாங்குபவர் சொல்லும் அளவு) போதவில்லை. அதுவும் காலியாக இருந்தால் அனுப்பும் நிரலே நிதானமாகத்தான் அனுப்புகிறது. இரண்டு கணினிகளிலும் ஒரே கட்டளை, ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் நாள்கணக்கில் வாதாடிய கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று. சில வருடங்களுக்கு முன், போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும் தொலைவில் இருந்த ஒரு சர்வரிலிருந்து பெரிய கோப்புகளை இழுக்கும் நிரலை வேகப்படுத்த வேண்டியிருந்தது. ரிசீவ் பஃபர் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று அந்த அளவை நாமே குறிக்கும் எஸ்ஓ ஆர்சிவிபஃப் ஆப்ஷனில் 4 மெகாபைட் கேட்டேன். வேகம் கூடும் என்று பார்த்தால் விநாடிக்கு 2 மெகாபைட்டுக்கு இறங்கிவிட்டது.

நடந்தது இதுதான். லினக்ஸ் கெர்னல் டிசிபி ரிசீவ் பஃபரைத் தேவைக்கேற்பத் தானே வளர்த்துக்கொள்ளும். எவ்வளவு வரை என்பதை டிசிபி ஆர்மெம் அமைப்பின் மூன்றாவது எண் சொல்லும், அந்தக் கணினியில் அது 6 மெகாபைட். நாம் எஸ்ஓ ஆர்சிவிபஃபைத் தொட்ட கணமே அந்த இணைப்புக்கு இந்தத் தானியங்கி ஏற்பாடு நின்றுவிடும். அப்புறம் நாம் கேட்ட 4 மெகாபைட்டையும் கெர்னல் அப்படியே தராது. ஆர்மெம் மேக்ஸ் என்ற வேறொரு உச்சவரம்புக்குள் வெட்டிவிடும், அங்கே அது 2,12,992 பைட். நிர்வாகச் செலவுக்கென்று அதை இரட்டிப்பாக்கி 4,25,984 என்று வைத்துக்கொள்ளும், ஆனால் அதில் பாதிதான் விண்டோவாக எதிர்முனைக்குப் போய்ச் சேரும். ஆக, ஒரு சுற்றுக்கு சுமார் 208 கிலோபைட். 100 மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று என்றால் விநாடிக்குப் பத்து சுற்று, 2 மெகாபைட். கணக்கு அச்சாக ஒத்துப்போனது. ஆப்ஷனை அமைக்கும் செட்சாக்ஆப்ட் பிழை எதுவும் திருப்பவில்லை என்பதுதான் இதில் வேதனை, வெட்டியதைக் கெர்னல் சொல்லிக்கொள்ளாது. கெட்சாக்ஆப்ட் போட்டுத் திரும்பக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் சேர்த்த அந்த ஒரு வரியை நீக்கியதும் பழைய வேகம் வந்துவிட்டது.

அதற்கும் மேலே வேண்டுமென்றால் டிசிபி ஆர்மெம்மின் உச்சத்தைக் கூட்டுவதுதான் முறையான வழி. எவ்வளவு விண்டோ வேண்டும் என்பது இணைப்பின் வேகத்தையும் சுற்றுநேரத்தையும் பெருக்கினால் வரும். 1 ஜிகாபிட்டும் 100 மில்லிசெகண்டும் என்றால் 12.5 மெகாபைட் எப்போதும் வழியில் இருக்க வேண்டும், அவ்வளவு விண்டோ இருந்தால்தான் குழாய் நிரம்பும்.

பெரிய கோப்புகளின் கதை இது. சின்னச் சின்ன கேள்வி-பதில்களில் வேறொரு நோய் உண்டு, அதன் அடையாளம் 40 மில்லிசெகண்ட். ஒவ்வொரு பதிலும் ஒரு மில்லிசெகண்டில் வர வேண்டிய இடத்தில் 40, 41 என்று கடிகாரம் வைத்தாற்போல் வந்தால், 1984-இல் ஜான் நேகிள் எழுதிய வழிமுறையும் தாமதித்து அனுப்பப்படும் ஒப்புதலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்று பொருள். அனுப்புபவர் தலைப்பை ஒரு ரைட்டிலும் உடலை இன்னொரு ரைட்டிலும் அனுப்புகிறார். முதலாவது போய்விடும். இரண்டாவது சிறியது என்பதால், முதலாவதுக்கு ஒப்புதல் வரட்டும் என்று நேகிள் அதைப் பிடித்துவைக்கும். வாங்கும் பக்கமோ, பதிலோடு சேர்த்தே ஒப்புதலை அனுப்பிவிடலாம் என்று காத்திருக்கும். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு குறைந்தபட்சம் 40 மில்லிசெகண்ட்.

ரீட்தான் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து, பலர் நேகிளை நிறுத்தும் டிசிபி நோடிலே ஆப்ஷனைப் படிக்கும் பக்கத்தில் போட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்பார்கள். அது அனுப்பும் பக்கத்தில் போட வேண்டியது. அதைவிடச் சுத்தமான வழி, ரைட்வி கொண்டு தலைப்பையும் உடலையும் ஒரே அழைப்பில் அனுப்புவது. அனுப்பும் நிரல் நம் கையில் இல்லையென்றால் படிக்கும் பக்கத்தில், ஒப்புதலை உடனே அனுப்பச் சொல்லும் டிசிபி குயிக்ஏக் இருக்கிறது, ஆனால் அது நிலைத்து நிற்காது, திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

பல இணைப்புகளில் எதில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் ஈபோல் பற்றிச் சுருக்கமாக. புதிதாகத் தரவு வரும்போது மட்டும் சொல்லும் எட்ஜ் முறையில் வைத்தால், ஈஅகெய்ன் (இப்போதைக்குத் தரவு இல்லை என்ற பதில்) வரும்வரை படித்துத் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் மிச்சம் கிடப்பதை அது மறுபடி ஞாபகப்படுத்தாது, இணைப்பு தொங்கிப்போகும். முடிவெடுக்க முடியவில்லையென்றால் தரவு மிச்சம் இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும் லெவல் முறையிலேயே விட்டுவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். 2019-இல் லினக்ஸ் 5.1-உடன் வந்த ஐஓ யூரிங் நல்ல கருவிதான். ஆனால் ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் நிரலை எதில் ஏற்றினாலும் அது ஒவ்வொரு பைட்டாகத்தான் படிக்கும்.

சோதனைக்கு ஒரு குறிப்பு. டிசி கட்டளையின் நெட்எம் வசதியால் லூப்பேக்கில் 50 மில்லிசெகண்ட் தாமதம் சேர்க்கலாம். போகும்போதும் வரும்போதும் சேர்வதால் சுற்றுநேரம் 100 ஆகும். நான் 4 மெகாபைட் கேட்டு மாட்டிக்கொண்டதை மேசையிலேயே நடத்திப் பார்க்க இது போதும். வேலை முடிந்ததும் அதை நீக்க மறந்துவிட்டு அடுத்த நாள் தலையைப் பிய்த்துக்கொள்வது தனி அனுபவம்.

அந்தத் தம்பியின் நிரலுக்கு வருவோம். பஃபரைச் சரிசெய்ததும் 10,000 வரிகளும் தடங்கல் இல்லாமல் வந்தன, ரிசீவ்-க்யூ பூஜ்யம். மறுநாள் காலை பார்த்தால் ப்ராசஸையே காணோம். நினைவகம் தீர்ந்து கெர்னல் அதைக் கொன்றிருந்தது. படிக்கும் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் ஓட்டம்) வரிகளை ஒரு வரிசையில் போட, எழுதும் த்ரெட் அதிலிருந்து எடுத்து வட்டில் எழுதும் அமைப்பு அது. வரிசைக்கு எல்லையே வைக்கவில்லை. முன்பு படிப்பது மந்தமாக இருந்ததால் எழுதும் த்ரெட் எப்படியோ ஈடுகொடுத்துவிட்டது. இப்போது வட்டு கொஞ்சம் திணறினாலும் வரிகள் வரிசையில் மலையாகக் குவிந்தன.

வரிசைக்கு 50,000 வரி என்று எல்லை வைத்தோம். நிரம்பினால் ரீட்டை அழைப்பதே இல்லை. கெர்னல் பஃபர் நிரம்பும், விண்டோ பூஜ்யமாகும், அனுப்பும் சர்வர் தன் கோப்பிலேயே வரிகளை வைத்துக்கொண்டு நிற்கும்.

சாயங்காலம் தம்பி மறுபடி வந்தார். “அண்ணா, ரிசீவ்-க்யூ திரும்ப ஏறுது.”

“வட்டு என்ன பண்ணுது?”

“பேக்கப் ஓடுது.”

“அப்ப ஏறட்டும், விடு” என்றேன். இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டது.